ஆங்கில நிகழ்கால வினையில் அந்த ஒற்றை 'எஸ்' நம் கையில் ஏன் நிற்பதில்லை?

1. சயான் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். தாராவியில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பையும், பிறகு இரவுக் கல்லூரியில் வணிகவியலையும் முடித்துவிட்டு, பதினாறு ஆண்டுகளாகக் கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி வருகிறேன். சென்ற வாரம் நவா ஷேவா துறைமுகத்துக்குச் செல்ல வேண்டிய கண்டெய்னர்களின் பட்டியலை இணைத்து, 'தி லிஸ்ட் ஆஃப் கண்டெய்னர்ஸ் ஆர் அட்டாச்ட்' என்று ஒரு வரி எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். மேலாளர் அதை அச்செடுத்து, 'ஆர்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கவிழ்த்து வைத்தாரே என்பதில் எனக்கு ஆறுதல்தான். ஆனாலும் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் தமிழில் வினைமுற்று எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். வருகிறேன், வருகிறோம், வருகிறாய், வருகிறீர்கள், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறார்கள், வருகிறது, வருகின்றன என்று பத்து வடிவங்களை ஐந்து வயதுக் குழந்தை தடுமாறாமல் சொல்கிறது. ஆங்கிலத்திலோ 'கம்', 'கம்ஸ்' என்று இரண்டே வடிவங்கள். பத்தைச் சுமந்தவனுக்கு இரண்டு கனக்குமா? இலக்கண விதியும் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆனால் வேகமாக எழுதும்போது தவறுகள் மட்டும் குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது. இதன் காரணத்தை யாராவது விளக்க முடியுமா?

2. டோம்பிவிலி பயணி

காரணம் எளியது, நண்பரே. அந்த எஸ் இல்லாவிட்டாலும் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது என்பது நம் மூளைக்குத் தெரிந்திருக்கிறது. 'ஹி கோ டு ஆபீஸ்' என்று சொன்னால் மும்பையில் புரியாதவர் உண்டா? இங்கிலாந்திலேயே நார்ஃபோக் பகுதியின் வட்டார வழக்கில் 'ஹி கோ', 'ஷி லைக்' என்றுதான் காலங்காலமாகப் பேசி வருகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தை ஆராய்ந்த பார்பரா ஸைட்ல்ஹோஃபர் என்ற வியன்னா மொழியியலாளரும், இந்த எஸ் விடுபடுவதால் புரிதல் கெடுவதில்லை என்று எழுதியிருக்கிறார். பட்டியல் இணைக்கப்பட்டிருந்ததா? இருந்தது. மேலாளருக்குப் புரிந்ததா? புரிந்தது. பிறகு சிவப்பு மை எதற்கு?

3. மாட்டுங்கா ஆசிரியை

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். முதலில் கணக்கர் தம்பியிடம் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். 'தவறுகள் வந்துகொண்டே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தவறுகள் 'இருக்கின்றன' அல்லவா? தமிழில் நாம் தடுமாறுவதே இல்லை என்று சொல்லும் பதிவிலேயே ஒருமை பன்மை மயக்கம் வந்துவிட்டது. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த வரியிலேயே இருப்பதால் எழுதுகிறேன்.

'வருகிறான்', 'வருகிறாள்' ஆகியவற்றில் நாம் தவறுவதில்லை, ஏனென்றால் அங்கே விகுதி உண்மையாகவே வேலை செய்கிறது. தொலைபேசியில் 'வருகிறேன்' என்ற ஒரே சொல்லைச் சொல்லி வைத்துவிடலாம். வருவது யார் என்பது அந்த 'ஏன்' விகுதியிலேயே இருக்கிறது. எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் மொழிக்கு விகுதிதான் எழுவாய். ஆனால் அஃறிணைப் பன்மைக்கு வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. 'மரங்கள்' என்று முன்பே சொல்லியாகிவிட்டதால், 'விழுந்தது' என்றாலும் 'விழுந்தன' என்றாலும் கேட்பவருக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. எனவே பேச்சில் 'விழுந்தது' என்றே சொல்லிவிடுகிறோம், எழுதும்போதும் அதே வழுக்கல்.

ஆங்கில எஸ் ஏறக்குறைய எப்போதும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுவாயை விட முடியாது. 'ஷி' என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகு 'கம்ஸ்' என்பதில் உள்ள எஸ் ஏற்கெனவே தெரிந்த செய்தியைத்தான் திரும்பச் சொல்கிறது. 'ஷீப்' போல ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் கொண்ட பெயர் வந்தால்தான் அதற்கு வேலை கிடைக்கும். ஆடு ஒன்றா பலவா என்பதை 'தி ஷீப் ஈட்ஸ்', 'தி ஷீப் ஈட்' என்ற வேறுபாடுதான் காட்டுகிறது. அப்படி எத்தனை ஆடுகளைப் பற்றி நாம் அலுவலகத்தில் எழுதுகிறோம்? விகுதியில் பொருளைத் தேடிப் பழகிய தமிழ்க் காது, பொருள் இல்லாத இடத்தில் விகுதியைத் தேடுவதில்லை. பத்தைச் சுமந்தவனுக்கு இரண்டு கனப்பது இதனால்தான்.

டோம்பிவிலி ஐயா சொன்ன நார்ஃபோக் செய்தி சரிதான். ஆனால் நார்ஃபோக் முதியவர் 'ஹி கோ' என்றால் அது அவருடைய ஊர்ப் பேச்சு. தாராவியிலிருந்து வந்த பையன் அதையே எழுதினால் அவனுக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நியாயம் இல்லைதான். நியாயம் வரும் வரை பையனின் விண்ணப்பம் காத்திருக்காது.

4. செம்பூர் அம்மா

என் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். முதலில் 'மை மதர் குக் ரைஸ்' என்று எழுதினாள். ஆசிரியை எஸ் சேர்க்கச் சொன்னார். அடுத்த வாரம் 'மை மதர் டஸ் நாட் குக்ஸ் ரைஸ்' என்று வந்தது. அதற்கும் சிவப்புக் கோடு. அதற்கடுத்த பக்கத்தில் 'மை மதர் கேன் குக்ஸ்'. மூன்றாவது கோடு விழுந்த அன்று, "சேர்க்கவில்லை என்றாலும் திட்டுகிறார்கள், சேர்த்தாலும் திட்டுகிறார்கள், இனி அம்மாவைப் பற்றி எழுதவே மாட்டேன், என்னைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன், 'ஐ' என்றால் எஸ் கேட்காது" என்று நோட்டை மூடிவிட்டாள். அவள் சொன்ன தர்க்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. டீச்சர், இதை அவளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

5. மாட்டுங்கா ஆசிரியை

உங்கள் மகளுக்கு இலக்கணம் பிடிபட்டுவிட்டது, அம்மா! எஸ் கேட்காத இடத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாளே.

என் வகுப்பில் நான் செய்தது இது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எஸ் எழுதி ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பேன். நான்கு மாணவர்கள் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சொல். 'தி', 'பாய்', 'டஸ்'ஸுக்குரிய 'டு', கடைசியில் 'ரன்'. முதலில் 'டு' வெளியே நிற்பான். 'தி பாய் ரன்ஸ்' என்றால் சீட்டு 'ரன்' கையில். பையன்கள் பலர் ஆனால் சீட்டு 'பாய்' கைக்கு மாறும், 'ரன்' வெறுங்கையோடு நிற்பான். எதிர்மறை வந்ததும் 'டு' உள்ளே வந்து, 'ரன்' கையில் இருந்த சீட்டைப் பறித்துக்கொள்வான். ஒரே சீட்டு என்பதால், 'டஸ் நாட் ரன்ஸ்' என்று இரண்டு இடத்தில் அதைப் பிடிக்க முடியாது. விதியை மறந்த பிள்ளைகள்கூட, அந்தப் பறித்தலை மறந்ததில்லை. ஒருமுறை ஒரு சிறுமி, "'சில்ட்ரன் ரன்' என்று சொன்னால் சீட்டு இரண்டு பேரிடமும் இல்லையே, எங்கே போயிற்று?" என்று கேட்டாள். "இன்று என் கைப்பைக்குள் இருக்கிறது" என்று சொல்லிச் சமாளித்தேன். எந்த உத்தியும் ஓர் எல்லை வரைதான்.

உங்கள் மகளின் இரண்டாவது தவறுக்குத் தமிழும் ஒரு காரணம். 'வருகிறாள்' என்பதன் எதிர்மறை 'வரவில்லை'. நான், நீ, அவள், அவை என யாராக இருந்தாலும் 'வரவில்லை' மாறாது. இந்த 'இல்லை' எதிர்மறை வந்தவுடன் தமிழ் விகுதியைக் கழற்றிவிடுகிறது. ஆங்கிலம் அதைக் கழற்றாமல் 'டு'வின் தலையில் வைக்கிறது. கழற்றும் பழக்கம் உள்ள குழந்தைக்கு, இடம் மாற்றும் பழக்கம் புதிது. மாறாக, 'கேன்' நமக்கு எளிதாக இருக்க வேண்டும். 'நான் வர வேண்டும்', 'அவள் வர வேண்டும்' என்பதில் 'வேண்டும்' மாறுகிறதா? 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷேல்' ஆகியவையும் அப்படித்தான். அவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை. இறந்தகாலத்தில் இந்த விகுதி கிடையாது என்பதால் இன்றும் எஸ் ஏற்பதில்லை. 'கேன் என்பது நம் வேண்டும் போல' என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வாள்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லலாம். ராஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்ற மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவு செய்து 1973-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வரிசைப்படுத்திய 14 இலக்கணக் கூறுகளில் பன்மை எஸ் முதலில் வந்துவிடுகிறது, உடைமையைக் காட்டும் எஸ் அதற்குப் பிறகு, நம் வினை எஸ் அவை இரண்டுக்கும் வெகுவாகப் பின்தங்கித்தான் வருகிறது. மூன்றுக்கும் ஒலி ஒன்றுதான். எனவே நாக்கின் குறை அன்று.

6. கிங்ஸ் சர்க்கிள் வாசகர்

இடையில் ஒரு சிறு செய்தி. எங்கள் வீட்டில் தாத்தா வைத்திருந்த ஆங்கில விவிலியத்தில், 1611-இல் வெளிவந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பில், 23-ஆம் சங்கீதத்தில் 'ஹி மேக்கத் மீ டு லை டவுன்' என்று இருக்கும். 'மேக்ஸ்' இல்லை, 'மேக்கத்'. இங்கிலாந்தின் தென்பகுதியில் அந்தக் காலத்தில் படர்க்கை ஒருமைக்கு 'அத்' போன்ற விகுதிதான் இருந்தது. எஸ் வடபகுதிப் பேச்சிலிருந்து மெல்ல இறங்கி வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் கருணையைப் பற்றிய உரையில், 'இட் ப்ளெஸ்ஸத் ஹிம் தட் கிவ்ஸ்' என்று ஒரே வரியில் பழைய விகுதியும் புதிய விகுதியும் அருகருகே நிற்கின்றன. அவருடைய மேலாளர் சிவப்பு மை வைத்திருக்கவில்லை போலும்.

7. முலுண்ட் மொழிபெயர்ப்பாளர்

இழை நன்றாகப் போகிறது. ஆனால் கணக்கர் செய்த தவறு வேறு வகையைச் சேர்ந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவர் விகுதியை விடவில்லை. 'ஆர்' என்று பன்மை வினையை முறையாகவே போட்டார். தவறான பெயரோடு பொருத்திவிட்டார். 'தி லிஸ்ட் ஆஃப் கண்டெய்னர்ஸ்' என்பதில் வினைக்கு உரிய எழுவாய் 'லிஸ்ட்'. அவருடைய கண் வினைக்கு முன்னால் உடனடியாக நின்ற 'கண்டெய்னர்ஸ்' மேல் விழுந்துவிட்டது.

இது ஆங்கிலேயருக்கும் நேர்வதுதான். கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுபவர்களிடம் 'அலமாரிகளின் சாவி' போன்ற தொடக்கங்களை ஆங்கிலத்தில் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். தலைமைப் பெயர் ஒருமையாகவும் அருகில் நிற்கும் பெயர் பன்மையாகவும் இருந்தபோது, பலர் பன்மை வினைக்கு வழுக்கினார்கள். இதற்கு நேர்மாறான அமைப்பில் அவ்வளவு வழுக்கல் இல்லை.

ஆனால் தமிழருக்கு இதில் கூடுதலாக ஒரு பள்ளம் இருப்பதாக நான் நினைக்கிறேன். இருபது ஆண்டுகள் இரு மொழிகளுக்கும் இடையில் வாக்கியங்களைத் தூக்கிச் சுமந்ததில் தெரிந்துகொண்டது இது. தமிழில் ஒரு பெயர்த்தொடருக்குள் அடைகள் எல்லாம் முன்னால் வரும், தலைமைப் பெயர் கடைசியில் நிற்கும். 'கண்டெய்னர்களின் பட்டியல்' என்பதில் கடைசிச் சொல்தான் எசமானன். எத்தனை அடைகளை அடுக்கினாலும், 'துறைமுகத்துக்குச் செல்லும் மூன்று லாரிகளில் உள்ள கண்டெய்னர்களின் பட்டியல்' என்று நீட்டினாலும், கடைசிச் சொல்லைப் பார்த்து வினையைப் போட்டால் தமிழில் பிழை வராது. வாழ்நாள் முழுவதும் நமக்குச் சரியாக வேலை செய்த பழக்கம் இது. ஆங்கிலம் இதைத் தலைகீழாக்கி, எசமானனை முன்னால் நிறுத்திவிட்டு வேலைக்காரர்களைப் பின்னால் வரச் சொல்கிறது. நாம் வழக்கம்போலக் கடைசியில் நிற்பவருக்கு வணக்கம் வைக்கிறோம்.

மும்பையில் வாழ்பவர்களுக்கு இந்தியும் சேர்ந்து குழப்புகிறது. 'மைனே சாய் பீ' (நான் தேநீர் குடித்தேன்) என்று சொல்லும்போது, குடித்தவர் ஆணானாலும் வினை பெண்பாலான தேநீரோடு போகிறது. ஆண்பாலான தண்ணீர் என்றால் 'பியா'. வினைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் மரியாதை என்ற எண்ணம் அங்கேயும் உறுதிப்படுகிறது.

நோய் தமிழிலிருந்து வந்தால் மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத் தொடரை மனத்துக்குள் தமிழாக்குங்கள்; தமிழில் எந்தச் சொல் கடைசியில் வருகிறதோ, அதற்கு வினையைப் போடுங்கள். 'தி கலர் ஆஃப் தி வால்ஸ்' என்பது 'சுவர்களின் நிறம்'. நிறம் ஒன்று, எனவே 'இஸ்'. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்பது 'என் நண்பர்களில் ஒருவர்'. ஒருவர், எனவே 'இஸ்'. நண்பர்கள் என்ற பன்மையும் தமிழில் தானாக வந்துவிடுவதால், 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நம் ஊர்க்காரர்கள் செய்யும் மற்றொரு பிழையும் கூடவே போய்விடும். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பது 'மாணவர்களின் எண்ணிக்கை', ஆகவே 'இஸ்'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பது 'பல மாணவர்கள்', ஆகவே 'ஆர்'. 'தி மேனேஜர், அலாங் வித் ஹிஸ் அசிஸ்டன்ட்ஸ்' என்பது 'உதவியாளர்களுடன் மேலாளர்'. உதவியாளர் நூறு பேர் வந்தாலும் 'இஸ்' தான். தேர்வுகளில் நம்மைக் கவிழ்க்கவென்றே வைக்கப்படும் கேள்விகள் இவை. தமிழாக்கியவுடன் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுகின்றன.

8. டோம்பிவிலி பயணி

மொழிபெயர்ப்பாளர் ஐயா, இதை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பதிவின் அலட்சியத்தையும் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். எஸ் விடுபட்டால் புரியும், உண்மை. ஆனால் நீண்ட வாக்கியத்தில் வினை தவறான பெயரோடு சேர்ந்தால், படிப்பவர் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் உங்கள் மருந்தைச் சோதித்துப் பார்த்தேன். 'எவ்ரிபடி' என்பதைத் தமிழாக்கினால் 'எல்லோரும்'; 'எல்லோரும் வந்திருக்கிறார்கள்' என்று பன்மை வருகிறது. ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி இஸ் ஹியர்'. அடுத்தது, 'மோர் தேன் ஒன் ஸ்டூடன்ட்'. 'ஒன்றுக்கு மேற்பட்ட மாணவர்கள்' என்றால் தமிழில் பன்மைதான், கணக்குப்படியும் பன்மைதான், ஆனால் ஆங்கிலம் 'இஸ்' என்கிறது. தவிர, பிரிட்டிஷ் எழுத்தில் 'தி டீம் ஆர்' என்று பார்க்கிறேன், அமெரிக்க எழுத்தில் 'தி டீம் இஸ்'. 'தி போலீஸ்' என்றால் இரு நாட்டிலும் 'ஆர்'. இதற்கெல்லாம் எந்தத் தமிழைக் கொண்டு வருவீர்கள்?

9. முலுண்ட் மொழிபெயர்ப்பாளர்

'எவ்ரிபடி'க்கு 'எல்லோரும்' என்று போடாமல் 'ஒவ்வொருவரும்' என்று போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். 'மோர் தேன் ஒன்' விஷயத்தில் என் மருந்து தோற்றது. அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

10. மாட்டுங்கா ஆசிரியை

'டீம் ஆர்' என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. நம் இலக்கணிகள் வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை) என்ற இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்ற மூன்றாவதையும் வைத்தார்கள். உவப்பு, உயர்வு, சினம், இழிவு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்பே என்கிறது நன்னூல். பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்பது பிழையாகாது. ஆட்டக்காரர்களைத் தனித்தனி ஆட்களாக நினைத்து 'தி டீம் ஆர்' என்பதும், ஒரே குழுவாக நினைத்து 'இஸ்' என்பதும் பேசுபவரின் மனநிலையைப் பொறுத்தவை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

உயர்வு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒருவரிடம் பேசும்போதும் 'யு ஆர்' என்று ஏன் பன்மை வினை போடுகிறோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆங்கிலத்தில் முன்பு ஒருமைக்கு 'தவ்' என்ற தனிச் சொல் இருந்தது, 'யு' பன்மைக்குரியது. மதிப்புக்காக ஒருவரையும் 'யு' என்று அழைக்கத் தொடங்கி, அது பரவிப் பரவி, 'தவ்' வழக்கொழிந்துவிட்டது. நாம் ஒருவரை 'நீங்கள்' என்கிறோம் அல்லவா, அதே கதைதான். அங்கே 'நீ' செத்துப்போனது, இங்கே உயிரோடு இருக்கிறது. ஆகவே செம்பூர் அம்மாவின் மகளிடம் சொல்லுங்கள்: 'யு'வுக்கு எஸ் போடாததன் காரணம் மரியாதை.

11. செம்பூர் அம்மா

சொன்னேன், டீச்சர். "அப்படியானால் 'மை மதர்' என்று எழுதும்போது எஸ் போடுவது அம்மாவுக்கு மரியாதைக் குறைவா?" என்று கேட்கிறாள். காகிதச் சீட்டு செய்து வைத்திருக்கிறோம். 'டு' வேடம் என் மாமியாருக்கு. பறிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியவில்லை.

12. சயான் கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. என் முதல் பதிவில் 'இருக்கிறது' என்பதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறேன், இல்லையென்றால் ஆசிரியை அம்மாவின் பதில் யாருக்கும் விளங்காது.

இன்று மாலை ஆறு மணிக்கு, இரண்டு கண்டெய்னர்களின் எடை ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று அவசரமாக எழுத வேண்டியிருந்தது. 'தி வெயிட் ஆஃப் தி டூ கண்டெய்னர்ஸ்' வரை தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். விரல் 'டு நாட்' என்று போகத் துடித்தது. 'இரண்டு கண்டெய்னர்களின் எடை' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நிற்பது எடை. சீட்டு ஒன்றுதான், அதை 'டு' பறித்துக்கொள்ளும், 'மேட்ச்' வெறுங்கையோடு நிற்கும். 'டஸ் நாட் மேட்ச்' என்று முடித்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் மேலாளரிடமிருந்து பதில் வந்தது. எடையைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்.